பின்னறைக்குப் போகாத காற்று

இன்று காலை மொட்டை மாடியிலிருந்து நம் பழைய கூலரைக் கழற்றி இறக்கினார்கள். துருப்பிடித்த பெட்டியைத் தரையில் வைத்ததும் காற்றைக் குளிர்விக்க அதன் பக்கங்களில் அடைத்திருந்ததில் எஞ்சிய வெட்டிவேர் பொலபொலவென்று உதிர்ந்தது. ஆறு வருடமாகத் தண்ணீர் காணாத வேர். யாரோ அதன்மேல் வாளித் தண்ணீரைச் சிந்திவிட, வாசல் முழுக்க அந்த வாசனை. எல்லோரும் போனதும் நான் எழுத உட்கார்ந்துவிட்டேன். இதைச் சொல்ல உங்களைத் தவிர எனக்கு யாரும் இல்லை.

இதே புனேயில், வாகட் பக்கம் இருக்கும் நம் மகன் ஏற்பாடு செய்திருக்கிறான். கோடையில் குளிரும் டிசம்பரில் வெதுவெதுப்பும் தரும் ஏசி. வெளிப்பெட்டி மாடியில் நிற்கும். பொருத்த வந்தவர், அன்று கூலரை மாட்டிய அதே கசார்வாடி மெக்கானிக். தலை நரைத்துவிட்டது.

உங்கள் கடைசிக் கோடையில் அவர்தான் கூலருக்கு இடம் பார்த்தார். இதயம் பலவீனமாகி நீங்கள் பின்னறையில் படுத்திருந்தீர்கள்.

"பெட்ரூமுக்கு மேல வெச்சாதான் பராபர், சரியா இருக்கும், ஆன்ட்டி. ஹால்ல யாரு தூங்கப்போறாங்க?"

ஹாலுக்குத்தான் என்றேன். இந்தக் கட்கி வீட்டுக்கு வருகிறவர்கள் வியர்த்து வழிய உட்காரக் கூடாது. அவர் தளத்தைத் துளைத்து, ஹாலுக்குள் தகரக் குழாயை இறக்கினார். போகும்போது சொன்னார்: "அப்போ ஹால் ஜன்னலைச் சாத்திடுங்க. அங்கிள் ரூம் கதவையும் ஜன்னலையும் திறந்து வைங்க. கூலர் காத்து, வெளியே போக வழி இருக்கிற பக்கம்தான் ஓடும்."

தலையாட்டினேன், செய்யவில்லை. கதவைத் திறந்தால் வருகிறவர்கள் கண்ணில் உங்கள் கட்டிலும் மருந்து பாட்டில்களும் படுமே. அதை, கான்வென்ட்டில் சிஸ்டர்கள் கற்றுத்தந்த ஒழுங்கு என்று அப்போது சொல்லிக்கொண்டேன். வெறும் கர்வம்தான்.

நீங்கள் குறை சொல்லவில்லை. மதியத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஹாலுக்கு வருவீர்கள். பனியனோடு ஹாலில் உட்காரக் கூடாது என்பது என் சட்டம். அந்த வெயிலில், கொஞ்சம் குளிர்ந்த காற்றுக்காக நீங்கள் முழுக்கைச் சட்டை மாட்டிக் கழுத்துவரை பொத்தான் போட்டீர்கள். "டை வேணுமா, மதர் சுப்பீரியர்?" என்று கேட்டீர்கள். நான் சிரிக்கவில்லை.

மே மாதத்தில் எழுந்து நடக்கவும் முடியாமல் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பள்ளித் தோழிகள் இருவர் வந்தார்கள். வழக்கம்போல் உங்கள் கதவைச் சாத்தினேன். ஹால் சில்லென்று இருந்தது. ஒருத்தி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து படக், படக் என்று கேட்டது. அனலை அள்ளிக் கொட்டும் மின்விசிறி போதாமல், நீங்கள் செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தீர்கள்.

"என்னடி சத்தம்?" என்றாள் அவள்.

"கூலர்தான். அந்த மெக்கானிக் சரியா மாட்டித் தொலைக்கலை."

சத்தம் சட்டென்று நின்றது. அவர்கள் டீ குடித்து, பழங்கதை பேசி, இன்னும் ஒரு மணி நேரம் இருந்தார்கள். அதுவரை அது மறுபடி கேட்கவே இல்லை.

அவர்கள் போனதும் உள்ளே வந்தேன். தலையணை நனைந்திருந்தது. செய்தித்தாள் உங்கள் மார்பின்மேல் கிடந்தது.

"கூலர் ரிப்பேர் ஆயிடுச்சா, மதர் சுப்பீரியர்?"

திட்டியிருக்கலாம் நீங்கள். அன்று மாலையே ஹால் ஜன்னலைச் சாத்தி, கதவையும் உங்கள் ஜன்னலையும் திறந்துவைத்தேன். மெக்கானிக் சொன்னபடியே காற்று உங்களிடம் ஓடி வந்தது. ஒன்பது நாள்தான். மழை வருவதற்குள் போய்விட்டீர்கள். அந்த ஒன்பது நாளும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்த ஒவ்வொரு முறையும், மருந்துக்கு நேரமாயிற்று என்று எழுந்துகொண்டேன்.

இன்று எந்த அறைக்கு என்று மெக்கானிக் கேட்டபோது, பின்னறைக்கு என்றேன். இப்போது நான் அங்கேதான் படுக்கிறேன். மாட்டி, ஓடவிட்டுக் காட்டினார். "இது கூலர் மாதிரி இல்லை, ஆன்ட்டி. கதவைச் சாத்தியே வைக்கணும். இல்லேன்னா குளிர் நிக்காது." மகனும் போனில் அதையே சொன்னான்: "அம்மா, டோர் பந்த் பண்ணி வெச்சுக்கோ. கரண்ட் வேஸ்ட் ஆகும்."

அவர்கள் சொல்வது சரி. எழுந்துபோய்க் கதவில் கை வைத்தேன். சாத்த முடியவில்லை. குளிரெல்லாம் ஆளில்லாத ஹாலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

அந்தத் தோழிகள் இருவரும் இன்னும் வருகிறார்கள். அன்று கேட்டது கூலர் சத்தம் இல்லை என்று அவர்களிடம் நான் இதுவரை சொல்லவில்லை.