பதினான்காம் அத்தியாயத்தில் நான்

மார்ச் 4

அன்புள்ள சுண்டுவுக்கு,

இந்தப் பெயரில் உன்னை யாரும் கூப்பிட்டு இருபத்தாறு வருஷம் ஆகியிருக்கும். விடுதி மூன்றாம் மாடி, இருபத்தேழாம் எண் அறை. ஜன்னல் பக்கத்துக் கட்டில் உனக்கு, கதவுப் பக்கத்துக் கட்டில் எனக்கு. இன்னமும் பிடிபடவில்லை என்றால், அலமாரியின் மேல்தட்டு எட்டாமல் நீ எம்பிக்கொண்டிருக்கும்போது புத்தகத்தை எடுத்துக் கொடுத்த ஒட்டடைக்குச்சிதான் எழுதுகிறேன்.

நம் வகுப்பில் எப்போதும் முதலாவதாக வருவாளே, இப்போது அதே கல்லூரியில் பேராசிரியை, அவள் போன மாதம் போன் செய்தாள். "ஏய், நம்ம சுண்டுவைப் பாத்தேன்டி! ரயில்லேர்ந்து இறங்கி வந்தா. பயணிகள் பெட்டியிலேர்ந்து இல்லே, ஓட்டற பெட்டியிலேர்ந்து!" என்றாள். அந்த வழித்தடத்துப் பணிமனையின் விலாசத்தைத் தேடிப்பிடித்து, அங்கேயே இதை அனுப்புகிறேன்.

ஆறு வருஷமாக ஒரு நாவல் எழுதினேன். நம் கல்லூரியைப் பற்றி, நட்பைப் பற்றி. ஆயிரக்கணக்கானவர்கள் பரீட்சை எழுதி முப்பது பேர் உள்ளே போகிற அந்த வாசல், மாதா மாதம் தரவரிசைப் பட்டியல் ஒட்டுகிற கண்ணாடிப் பலகை, அதன் முன்னால் நின்று நம் பெயரைக் கீழேயிருந்து மேலே தேடியது, எல்லாம் இருக்கிறது. நீயும் இருக்கிறாய். பதிப்பாசிரியரிடம் கொடுத்தாயிற்று. ஆனால் அச்சுக்குப் போவதற்கு முன் நீ படிக்க வேண்டும் என்று மனசு அரிக்கிறது. பிரதி இத்துடன் வருகிறது. சில இடங்களில் கற்பனை கலந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்.

அன்றைக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லாமல் போனாய் என்று கேட்கப்போவதில்லை. இப்படி எழுதுவதும் கேட்பதுதான், தெரியும்.

என்றும் உன்
ஒட்டடை


மார்ச் 23

அடி ஒட்டடை,

நான் உயிரோடு இருக்கிறேன். இதை முதலில் சொல்லிவிட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உன் பதினான்காம் அத்தியாயம் வேறு மாதிரி சொல்கிறது.

அதற்கு முந்தைய பதின்மூன்றையும் ரசித்துப் படித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சோதனைச்சாலைக்கு நம் இருவருக்கும் ஒரே வெள்ளைக் கோட்டு இருந்த கதை வருகிறதே, எனக்குக் கணுக்கால் வரை, உனக்கு இடுப்போடு நிற்கும் என்று, அதைப் பணிமனை ஓய்வறையில் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். சிக்னல் பிரிவுக்காரர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, சம்பள உயர்வா?" என்றார்.

அப்புறம் திடீரென்று எனக்குக் காய்ச்சல் வருகிறது. மூன்று பக்கம் இருமுகிறேன். நாலாம் பக்கத்தில் போய்ச்சேர்ந்து விடுகிறேன்! என் வீட்டுக்காரர் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவர். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "டைபாய்டு இவ்வளவு அவசரமா ஆளைக் கொண்டுபோகாது" என்றார். சாகிற நேரத்தில் நட்சத்திரங்களைப் பற்றி வேறு ஏதோ சொல்கிறேன். நான் என்றைக்கடி நட்சத்திரத்தைப் பற்றிப் பேசினேன்? வரிசையில் யாராவது நடுவில் நுழைந்தால் பேசுவேன், வாளியைக் காணோம் என்றால் பேசுவேன்.

என் மகளுக்குப் பதினேழு வயது. இந்த வருஷம் நம் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதப்போகிறாள். நான் தூண்டவில்லை, அவளாகவே கிளம்பியிருக்கிறாள். உன் நாவலை இரண்டே நாளில் முடித்துவிட்டு வந்து கேட்டாள்: "அம்மா, இந்தக் கதையில காலேஜை விட்டுப் போறவங்க ஒண்ணு கல்யாணம் பண்ணிக்கறாங்க, இல்லேன்னா செத்துப் போயிடறாங்க. வேற வழியே கிடையாதா?"

நானும் அதையேதான் கேட்கிறேன். அந்த மதிலுக்கு வெளியே ஒருத்தி பிழைத்திருப்பாள், சாப்பிடுவாள், வேலைக்குப் போவாள், சிரிப்பாள் என்று ஆறு வருஷத்தில் ஒரு நாளாவது உனக்குத் தோன்றவில்லையா?

போன் நம்பர் எழுதவில்லை. உன் குரலைக் கேட்டால் சமாதானமாகிவிடுவேன். கொஞ்ச நாள் கோபமாக இருந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

சுண்டு
(மேற்படி இறந்தவள்)


ஏப்ரல் 1

அன்புள்ள சுண்டு,

உன் கையெழுத்து மாறவே இல்லை. உறையைப் பிரிக்காமல் அரை மணி நேரம் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரித்தபின் சிரித்தேன், அப்புறம் உன் மகளுடைய கேள்வியில் வந்து நின்றுவிட்டேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. நீ வாரக் கடைசிக்கு வீட்டுக்குப் போயிருந்தாய். காலை வகுப்புக்கு வரவில்லை, மத்தியானம் பரீட்சைக்கும் வரவில்லை. புதன்கிழமை சோதனைச்சாலை முடிந்து அறைக்கு வந்தால் உன் மெத்தை சுருட்டிக் கட்டியிருந்தது. பெட்டியைக் காணோம். விடுதிக் காப்பாளரிடம் ஓடினேன். "அவ அண்ணன் வந்து எடுத்துக்கிட்டுப் போனாரும்மா. இனிமே வரமாட்டாளாம்" என்றார், அடுத்த பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே. உன் வீட்டு விலாசத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதிலே இல்லை. மிச்சமிருந்த ஒன்றரை வருஷமும் அந்தக் கட்டிலில் யாரையும் போடாமல் பார்த்துக்கொண்டேன். துணி காயப்போட இடம் வேண்டும் என்று பொய் சொன்னேன்.

நாவலில் அந்த இடம் வந்ததும் நாலு மாதம் பேனா நகரவில்லை. நீ போனதற்குக் காரணம் தெரியாமல் அடுத்த வரி எழுத முடியவில்லை. சாவுக்குக் காரணம் கேட்க மாட்டார்கள் என்று அதைப் போட்டேன். இப்போது எழுதிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது, என்னை நீ விட்டுவிட்டுப் போனாய் என்பதைவிட நீ செத்துப்போனாய் என்பது எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கிறது. என்ன மனுஷி நான்.

பதிப்பாசிரியர் அந்த அத்தியாயம்தான் நாவலின் முதுகெலும்பு என்கிறார். அவர் கிடக்கட்டும். என்ன நடந்தது, சொல்லேன்.

ஒட்டடை


ஏப்ரல் 19

அன்புள்ள ஒட்டடை,

சரி, சொல்கிறேன். பெரிய சோகக் கதையை எதிர்பார்க்காதே.

அந்தத் திங்கட்கிழமை காலையில் ரயிலில் வந்துகொண்டிருந்தேன். மடியில் கணக்கு நோட்டு. கல்லூரி நிலையம் வந்தது, கதவு திறந்தது. எழுந்திருக்க நினைத்தேன், எழுந்திருக்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. அப்போது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? காலைக் கடிக்கிற செருப்பைக் கழற்றிப் போட்ட மாதிரி. அப்படியே கடைசி நிலையம் வரை போனேன். எல்லோரும் இறங்கிவிட்டார்கள். வண்டியைத் திரும்ப ஓட்டிப்போவதற்காக ஓட்டுநர் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு முன்பெட்டியிலிருந்து பின்பெட்டிக்கு நடந்து வந்தார். "என்னம்மா, தூங்கிட்டியா?" என்றார். நான் உளறிக்கொட்டினேன்: "இதை ஓட்டறதுக்கு என்ன படிக்கணும்?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ படிச்சது போதும். பொறுமை இருக்கா?" என்றார்.

அவ்வளவுதான். அப்பா பத்து நாள் என்னோடு பேசவில்லை. பதினோராம் நாள் விண்ணப்பப் படிவத்தை அவரே வாங்கிவந்தார். இன்றைக்கு வரை ஒரு காலையில்கூட வேலைக்குப் போக அலுத்துக்கொண்டதில்லை. நாற்பத்தெட்டு விநாடியில் கதவு மூடி, அடுத்த நிலையத்தில் குறி போட்ட கோட்டில் வண்டி மூக்கை நிறுத்தும்போது, ஒவ்வொரு தடவையும் எனக்குள்ளே ஒரு சபாஷ் போட்டுக்கொள்கிறேன். அந்தக் கண்ணாடிப் பலகை எனக்கு ஒரு தடவையும் போடாத சபாஷ்.

ஆக, நான் போனதற்குக் காரணம் நீ இல்லை. சொல்லாமல் போனதற்குக் காரணம் நீதான்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, சாப்பாட்டுக்கூடம். நீ பெஞ்சு மேல் ஏறி நின்றுகொண்டு, கரண்டியை மைக்காகப் பிடித்து, வகுப்பில் நான் கேள்வி கேட்பதை நடித்துக் காட்டினாய். "சார், ஒரு சந்தேகம். சின்னச் சந்தேகம்தான். சந்தேகமே இல்லேன்னும் சொல்லலாம்." பெரிய பள்ளிக்கூடங்களிலிருந்து வந்த அந்த ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தட்டோடு தூணுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கும் சிரிப்பு வந்தது, அச்சு அசலாக இருந்தது. அப்புறம் அதில் ஒருத்தி கேட்டாள்: "பாவம், உன் ஃபிரண்டுதானே அவ?" நீ கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்: "ஃபிரண்டா? ரூம்மேட். அவ்வளவுதான்."

தட்டை வைத்துவிட்டு மேலே போய்ப் பையை எடுத்துக்கொண்டு ஊருக்கு ரயிலேறினேன். உன் இரண்டு கடிதமும் வந்தன. பத்திரமாக இருக்கின்றன. ரூம்மேட்டுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை.

நாவலில் இது இல்லை. ஒருவேளை உனக்கு ஞாபகமே இல்லையோ என்னவோ.

சுண்டு


ஜூன் 10

அன்புள்ள சுண்டு,

பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது. முதல் தாளில் "எனக்கு ஞாபகம் இல்லை" என்று எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்த ஐந்து பேரும் என்னை அவர்கள் மேசைக்குக் கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. நானும் உன்னைப்போலச் சின்னப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள்தான். என் பேச்சைத் தேய்த்துத் தேய்த்து மாற்றிக்கொண்டிருந்தேன், நீ மாற்றிக்கொள்ளவில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்தால் என் குட்டு உடைந்துவிடும் என்று பயம். அதனால் அப்படிச் சொன்னேன். சொன்ன வாய் கசந்தது. உன்னிடம் ஏதாவது பேசிச் சரிக்கட்டலாம் என்று மேலே வந்தேன், நீ இல்லை. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மன்னித்துவிடு, சுண்டு. இதை நாவலில் சொல்லாமல் இங்கே சொல்வதுதான் முறை.

பதினான்காம் அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். காய்ச்சலும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. அந்த இடத்தில் சாப்பாட்டுக்கூடம் இருக்கிறது. பெஞ்சு, கரண்டி, தூண், நான் சொன்ன அந்தச் சொல், சுருட்டிய மெத்தை. கதை சொல்கிறவள்தான் அங்கே குற்றவாளி. பதிப்பாசிரியர் படித்துவிட்டு, "கதாநாயகியை வாசகனுக்குப் பிடிக்காமப் போயிடுமேம்மா" என்று தலையைச் சொறிந்தார். "எனக்கே பிடிக்கலை சார், அவங்களுக்கு மட்டும் ஏன் பிடிக்கணும்?" என்றேன். இந்த வருஷ வெளியீட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு அடுத்த வருஷம் போடுகிறேன் என்றிருக்கிறார். போடட்டும், போடாமலும் போகட்டும்.

புதிய பக்கங்களை அனுப்பியிருக்கிறேன். வேண்டாம் என்று நீ சொன்னால் ஒரு வரிகூட அச்சேறாது. உன்னைப் பார்க்க வரலாமா என்றும் கேட்க ஆசை. கேட்டுவிட்டேன்.

ஒட்டடை


ஜூன் 28

அன்புள்ள ஒட்டடை,

பக்கங்களைப் படித்தேன். வீட்டுக்காரர் படித்தார், மகள் படித்தாள். அப்புறம் மகள், "இந்த அத்தை பரவாயில்லைம்மா" என்றாள். இதைவிடப் பெரிய பாராட்டு அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

அச்சில் வரட்டும். ஒரே ஒரு திருத்தம். தூணுக்குப் பின்னால் நான் அழுததாக எழுதியிருக்கிறாய். அழவில்லை. எனக்குப் பசித்தது. அழுகை ரயிலில்தான் வந்தது, அதுவும் ஜன்னலோர இடம் கிடைத்தபின்.

உன்மேல் கோபம் மே மாதமே தீர்ந்துவிட்டது. பதில் வரட்டும் என்று காட்டிக்கொள்ளவில்லை.

மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. முப்பது பேரில் பதினெட்டாவது. சேரலாமா என்று என்னையே கேட்கிறாள். "போய்ப் பாரு. பிடிச்சா இரு. பிடிக்கலேன்னா, அதே ஸ்டேஷன்ல அம்மா வண்டி தினமும் நிக்கும்" என்றேன். விடுதியில் அவளோடு இருக்கப்போகிறவள் யாரோ, இனிமேல்தான் தெரியும்.

நீ வருகிற விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வாரம் முழுக்க எனக்குக் காலை வேலை. வியாழக்கிழமை பகல் ஒன்று ஐம்பதுக்குக் கல்லூரி நிலையத்துக்கு வருகிற வண்டி என்னுடையது, அன்றைக்கு அதுவே எனக்குக் கடைசி ஓட்டம். முதல் பெட்டியில் ஏறு. ஓட்டும் அறைக் கதவைத் தட்டாதே, கையாட்டாதே, வண்டி ஓடும்போது நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். நிலையங்களை எண்ணிக்கொண்டு வா, மொத்தம் பதினொன்று. கடைசி நிலையத்தில் எல்லோரும் இறங்குவார்கள், நீ இறங்காதே. உட்கார்ந்திரு. விளக்குகளை அணைத்து, வண்டிப் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு, பையை எடுக்க எனக்கு நாலு நிமிஷம் ஆகும். அப்புறம் கதவைத் திறந்துகொண்டு வருவேன்.

உன்
சுண்டு