மாதுளைக்குக் கட்டிய வேட்டி

மம்சாபுரம்,
14-8-1938, ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பான அத்தானுக்கு,

செல்லத்தாய் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். நீங்கள் சுகமாக வேண்டும் என்பதே காலையும் மாலையும் என் விண்ணப்பம். அதை நீங்களே கெடுக்கப் பார்ப்பதால் இந்தக் கடிதத்தில் கொஞ்சம் கோபம் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை உங்கள் கடிதம் கிடைத்தது. மாதுளையில் புழு விழுந்து தோட்டமே போய்விட்டது என்று உங்கள் அண்ணன், பெரிய அத்தான், உங்களுக்கு எழுதினாராம். உடனே நீங்கள் மாதக் கடைசியில் ரயில் ஏறப் போகிறீர்களாம். சயரோகத்துக்கு ஒரு வருஷமாவது ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது என் காதிலும் விழுந்ததுதானே? தையில் போனீர்கள். அதற்குள் என்ன அவசரம்?

பெரிய அத்தான் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். நீங்கள் போனதிலிருந்து அவர் நம் வாசல் மிதிக்கவில்லை. பிள்ளைகுட்டிக்காரர், பயம் இருக்காதா என்று நானும் விட்டுவிட்டேன். உள்ளே வந்திருந்தால் சங்கதி வேறு என்று தெரிந்திருக்கும்.

புழு விழுந்தது மெய்தான். முதலில் அணில் கடிக்கிறது என்று நினைத்துக் கல்லெறிந்துகொண்டிருந்தேன். விழுந்த காய் ஒன்றைப் பிளந்தால், உள்ளே தடித்த புழு முத்துகளைத் தின்றுகொண்டு கிடந்தது. உள்ளே போன துளையைத் தன் பின்புறத்தாலேயே அடைத்துக்கொண்டிருந்தது, வெட்கங்கெட்டது. அப்புறம் மரத்தடியில் உட்கார்ந்து கவனித்தேன். ஊதா மினுங்கும் ஒரு சின்னப் பட்டாம்பூச்சி பூவிலும் பிஞ்சிலும் மாறி மாறி உட்கார்ந்தது. அது உட்கார்ந்த இடத்தில் முட்டை. எத்தனை அழகு என்று இத்தனை நாளும் அதைத்தான் வாய் பார்த்திருக்கிறேன்!

விழுந்த காய்களை எருக்குழியில் போட்டேன். புழு அங்கேயே பூச்சியாகி மறுபடி மரத்துக்கு வந்துவிட்டது. பிறகு சுதாரித்துக்கொண்டு, துளை கண்ட காயைப் பறித்து, விழுந்ததையும் பொறுக்கி, எல்லாவற்றையும் தீயில் போட்டேன். நல்ல பிஞ்சுகளுக்கெல்லாம் துணிப்பை தைத்துக் கட்டினேன். என் பழைய சேலைகள் தீர்ந்ததும் உங்கள் வேட்டிகளை எடுத்தேன். சோடா உப்புப் போட்டு வேகவைத்து, நல்ல வெயிலில் காயவைத்த பிறகுதான் கத்தரி வைத்தேன். பை கட்டிய பழம் ஒன்றிலும் புழு இல்லை.

பழத்துக்குள் புழு மாதிரி என் நெஞ்சுக்குள் நோய் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை. புழு தின்ற பழம் திரும்பவும் நல்ல பழம் ஆகாது. நீங்கள் குணமாகிக்கொண்டிருக்கிறீர்கள். இருமல் குறைந்து எடை கூடியிருப்பதாக எழுதியதும் நீங்கள்தானே? இன்னொரு தரம் இப்படி எழுதினால் பதில் போட மாட்டேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பழ வியாபாரி ஐயாதுரை போன வாரம் வந்தார். பை என்ன துணி என்று கேட்டார், சொன்னேன். சீக்காளி வேட்டி சுத்துன பழத்த எவம்மா வாங்குவான் என்று வெறுங்கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கே ஊரெல்லாம் பேச்சு.

எனக்கும் வீம்பு வந்துவிட்டது. இன்று காலை, முதலில் பழுத்த பழங்களைப் பையோடு கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுபோனேன். ஆராதனை முடிந்து உபதேசியார் காணிக்கைப் பொருள்களை ஏலம் போட்டார். கோழி போயிற்று, பூசணி போயிற்று. மாதுளைக் கூடையைத் தூக்கியதும் ஒருவரும் விலை கேட்கவில்லை. அவர் திரும்பத் திரும்பக் கூவிப் பார்த்தார். என்னால் தலை நிமிர முடியவில்லை, அத்தான். எதற்கடா கொண்டுவந்தோம் என்று அழுகை முட்டியது.

அப்போது பின்னாலிருந்து பெரிய அத்தான் ஏலம் கேட்டார். போட்டிக்கு ஆள் இல்லாமல் கூடை அவருக்குப் போயிற்று. அங்கேயே பையை அவிழ்த்து, பழத்தை உடைத்து, முத்துகளை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டார். தம் பிள்ளைகளைக் கூப்பிட்டு அவர்கள் கையிலும் கொடுத்தார். என்னத்தப் பாக்கிய எல்லாரும், எந்தம்பி வேட்டி எனக்கு என்ன வெசமா என்று சத்தம் போட்டார். முதல் வாய் போடுமுன் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். பயத்தோடுதான் தின்றார். அதற்காகவே அவர் காலில் விழலாம்.

மத்தியானம் வீட்டுக்குள் வந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார். தோட்டத்த நான் பாத்துக்கிடுதேன் தாயி, அவன அங்கனயே கெடந்து நல்லாயிட்டு வரச் சொல்லு என்றார். மிச்சப் பழங்களைத் தாமே ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தைக்குக் கொண்டுபோகிறாராம்.

ஆகையால் இங்கே உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. பாலை மிச்சம் வைக்காமல் குடியுங்கள். டாக்டர் சொல்லைத் தட்டாதீர்கள்.

நீங்கள் வாசலில் வந்து நின்றுவிட்டால், திரும்பிப் போங்கள் என்று சொல்ல என்னால் முடியாது. அந்தத் தைரியம் எனக்கு இல்லை. தூரத்தில் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். வராதீர்கள், அத்தான். என் கண்ணல்லவா, இப்போது வந்துவிடாதீர்கள்.

கர்த்தர் உங்களைத் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

உங்கள்,
செல்லத்தாய்.