மருமகளின்ரை காற்றாலை வேலை

நவம்பர் 6, வியாழன். வெஸ்ட்லி, ஒஸ்லோ.

இதெல்லாம் நடக்குமெண்டு நான் முந்தியே சொன்னனான். ஒஸ்லோத் தமிழரிலை காற்றைப் பற்றி முதலிலை கதைச்ச ஆளே நான்தான். தங்கச்சியின்ரை மகள் ஆரணி எண்ணெய்க் கொம்பனி வேலையை வேண்டாமெண்டு எழுதிப்போட்டாள். கடலிலை மிதக்கிற காற்றாலை கட்டுற சின்னக் கொம்பனிக்குப் போறாள். ஒப்பந்தம் ஒரு வருசந்தான்.

எண்ணெய் வேலை கிடைச்சதுக்கெண்டு தங்கச்சி கோயிலிலை அருச்சனையும் செய்து, ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டா. பின்னேரம் ஆரணியையும் கூட்டிக்கொண்டு வந்து என்னை ஏசினா.

"உங்கடை கதையாலைதான் அண்ணை இவள் கெட்டது."

ஆரணி விடேல்லை. "அம்மா, மாமா கடலிலை எண்ணெய் எடுக்கிற மேடையிலை வேலை செய்தவர். எண்ணெய் முடியும், காற்று முடியாது எண்டு அங்கை பெரிய இஞ்சினியரே அவருக்குச் சொன்னவர். அதை நம்பித்தான் கையெழுத்து வைச்சனான். என்ன மாமா?"

நான் ஓம் எண்டு சொல்லி, கதையிலை அந்த இஞ்சினியருக்கு ஒரு வெள்ளைத் தாடியும் வைச்சுவிட்டன்.

பிள்ளைக்கு வேலை நிலைக்கவேணும். நித்திரை வருகுதில்லை.

மேடைக் குசினியிலை ரெண்டு மாதம் கோப்பை கழுவினது உண்மை. கதவைத் திறந்தால் காற்று ஆளைத் தள்ளும், அதுவும் உண்மை. இஞ்சினியர் ஒருத்தரும் என்னோடை கதைக்கேல்லை. எண்ணெய் முடியும், காற்று முடியாது எண்டது நானே யோசிச்சது. கோப்பை கழுவினவன் சொன்னதெண்டால் ஆர் கேட்டிருப்பினம்?