தூக்கப் பரீட்சை

மெரிடியன் சாலை, மிசிசிப்பி
ஞாயிறு, மதியம்

அன்புள்ள காலெப் அண்ணனுக்கு,

என் அண்ணன் டேரியனின் மூளையைக் கெடுத்தவர் கோச் ஆஸ்பரி. நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

வரும் வியாழக்கிழமை கல்லூரி நிர்வாகக் குழு கூடுகிறது. ஃபுட்பால் மைதானத்துக்கு அவர் பெயரை வைக்கப் போகிறார்கள். பன்னிரண்டு வருடங்களில் தலைக் காயத்தால் ஆட்டத்தை விட்டு உட்கார்ந்தவர்கள் அவர் அணியில்தான் மிகக் குறைவு என்று பத்திரிகை எழுதியிருக்கிறது. பெற்ற தகப்பனைப் போலப் பையன்களைப் பார்த்துக்கொண்டாராம். அம்மா அதை வெட்டி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள்.

டேரியனுக்கு இருபத்தாறு வயது. டயர் ஆலையில் வேலை போய்விட்டது. போன வாரம் சிக்னலில் காரை நிறுத்தியவன் மூன்று முறை பச்சை விழுந்தும் நகரவில்லை. பின்னால் வந்தவர்கள் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். எதற்குத் திட்டுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்த என்னிடம் கேட்டான்.

மருத்துவரிடம் காட்ட அவனுடைய பழைய கல்லூரிக் காகிதங்களை எடுத்துப் போனேன். சீசன் தொடங்கும் முன் ஆகஸ்டில் கணினியில் ஒரு பரீட்சை வைப்பார்களே, சொற்களையும் படங்களையும் நினைவில் வைத்துச் சொல்வது. தலையில் அடிபட்டால் மறுபடி எழுதவைத்து, மதிப்பெண் குறைந்திருந்தால் ஆட விடமாட்டார்கள். டேரியனின் ஆகஸ்ட் மதிப்பெண்ணைப் பார்த்த மருத்துவர், பள்ளியில் இவனைப் படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கான தனி வகுப்பில் வைத்திருந்தார்களா என்று கேட்டார். கணிதம் படித்தவன், அண்ணா. தேவாலயத்தில் பிரசங்கம் நீண்டால் ஆயிரத்திலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

வீட்டுக்கு வந்து அவனையே கேட்டேன். சிரித்தான்.

"அது தூக்கப் பரீட்சை. எல்லாரும் வேணும்னே தூங்கி வழிஞ்சுக்கிட்டேதான் எழுதுவோம். முதல்லயே கம்மியா வாங்கிட்டா, அப்புறம் அடிபட்டாலும் எங்க குறையும்? காலெப்தான் பஸ்ல எங்களை உக்கார வச்சு சொன்னான்."

ஒரே அணியில் ஆடிய உங்கள் பெயரை அவன் கோபமாகச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை கோச் வீட்டுக்குப் போனேன். கத்துவார் என்று நினைத்தேன். உள்ளே கூப்பிட்டு இனிப்புத் தேநீர் கொடுத்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, "என் வாயிலேர்ந்து அந்த வார்த்தை வந்துச்சுன்னு ஒருத்தன் சொல்லட்டும்மா. மைதானத்துல என் பேரு வேண்டாம்னு நானே எழுதிக் குடுத்துடறேன்" என்றார். என் கோப்பையில் மறுபடி தேநீர் ஊற்றினார். அன்பாலா பயத்தாலா, தெரியவில்லை.

அம்மாவிடம் சொன்னபோது அடிக்க வந்துவிட்டாள். "உங்கப்பா சாவுக்கு ஆறு மணி நேரம் காரோட்டி வந்து, சமையலறையில பாத்திரம் கழுவுன மனுஷன்டி. வேற எந்த வெள்ளைக்காரன் நம்ம வீட்டுல அதைச் செஞ்சான்?" அது உண்மை. நானே துடைத்துவைத்தேன். வகுப்புக்குப் போகாத பையன்களை விடுதியிலிருந்து இழுத்துப் போனதும் உண்மை. ஆனால் பாத்திரம் கழுவிய கைக்கு எத்தனை தலைகளை விட்டுக்கொடுப்பது? ஊரே அவரைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றுகிறது. எங்களைப் போன்ற வீட்டுப் பையன்கள் தலைக்கவசத்தைக் கழற்றும்போது எவனும் உள்ளே பார்ப்பதில்லை.

உங்களுக்கு டெக்சாஸில் பயிற்சியாளர் வேலை அவர் சிபாரிசில் கிடைத்தது என்று தெரியும். வரும் ஆகஸ்டில் உங்கள் அணிப் பையன்களும் அதே பரீட்சையை எழுதுவார்கள். அவர்களிடம் என்ன சொல்கிறீர்கள்?

இந்தக் கடிதத்தின் முதல் வரியை நான்கு முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அந்த வரி பொய்யென்றால் நான் அவர் வாசலில் போய் மன்னிப்புக் கேட்பேன். அப்புறம் உங்கள் வாசலுக்கு வருவேன்.

உங்களுக்கு ஆண் குழந்தை பிறந்ததாக டேரியன் சொன்னான். பெயரை மூன்று முறை சொன்னான், மூன்றும் வேறு வேறு. பிள்ளை நல்ல தலையோடு வளரட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மேஜையில் அம்மா பொரித்த கோழியைச் சாப்பிட்டவர் நீங்கள். அந்த உரிமையில் கேட்கிறேன். வியாழக்கிழமைக்குள் ஒரே வரி எழுதுங்கள். பஸ்ஸில் அப்படிச் சொல்லச் சொன்னது அவரா, இல்லை நீங்களாகவே சொன்னீர்களா?

உங்கள் தங்கை,
ஜொரேல்