நீலக் கோட்டுக்குப் பின்னால் இருந்த முகவரி

இன்று காலை அலுவலகத்தில் ஒரு படிவத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒருவருடைய மின்னஞ்சல் முகவரி நீல எழுத்தில், அடிக்கோடு போட்டுக் கிடந்தது. மவுஸின் அம்பு அதன்மேல் போனதும் சின்னக் கையாக மாறிற்று. சுட்டுக்கொண்டவள் போல என் கையை இழுத்துக்கொண்டேன். பக்கத்து மேசைப் பெண் "எந்தா சேச்சி?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று எழுந்து போய் டீ குடித்தேன். வந்து உட்கார்ந்தேன். மறுபடியும் எழுந்தேன். மத்தியானம் வரை ஒரு வேலையும் ஓடவில்லை.

நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. இந்தக் கடிதத்தை இரண்டு முறை தொடங்கிக் கிழித்துப் போட்டுவிட்டேன். நீ இருந்திருந்தால், "எடி, நீ ஒரு எடத்துல இருக்க மாட்டியா?" என்று கேட்டிருப்பாய். மாட்டேன். அன்றும் இருந்ததில்லை, இன்றும் இல்லை. அந்த அவசரத்தைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டியிருக்கிறது.

பாறசாலை ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் நம் கடை. தொண்ணூறுகளின் கடைசி. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், தொண்டை கட்டியவன் மாதிரிக் கீச்சிடும் ஒரு மோடம். வாசலில் மலையாளத்திலும் தமிழிலுமாகப் பலகை: ஈமெயில் அனுப்பிக் கொடுக்கப்படும். கரையிலிருந்து வருகிறவர்கள், மலைப்பக்கத்திலிருந்து வருகிறவர்கள், நர்ஸ் மகளுக்கு எழுத ஒற்றசேகரமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வரும் அம்மா, எல்லோரும் நம் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து வாயால் சொல்வார்கள். தமிழும் மலையாளமும் கலந்த அந்தப் பேச்சை நாம் இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவோம். பதில் வந்தால் அச்செடுத்து, மடித்து, ஸ்டேப்ளர் அடித்து, வெளியே வீட்டுப் பெயரை எழுதி வைப்போம். இரண்டு வீட்டார் சண்டையில் எந்தப் பக்கம் நியாயம் என்பதுகூட நமக்குத் தெரியும். வெளியே மூச்சு விடமாட்டோம்.

வந்தவர்கள் யாருக்கும் மின்னஞ்சல் முகவரி நினைவிருக்காது. "கிழக்கேவிளை வீட்டு சாலமனுக்கு ஒரு எழுத்து போடணும்" என்பார்கள். நாம் நோட்டைப் புரட்டித் தேடுவோம். ஒரு புள்ளி பிசகினால் கடிதம் திரும்பி வந்துவிடும். அதனால்தான் நீ ஒரு தரவுத்தளம் செய்ய உட்கார்ந்தாய். வீட்டுப் பெயர், இங்கே இருப்பவர், அங்கே இருப்பவர், முகவரி. முகவரியை அமுக்கினால் கடிதம் எழுதும் ஜன்னல் தானாகத் திறக்க வேண்டும். ஆனால் முதல் நாள் அமுக்கியதும் இணையதளம் தேடி மோடம் கூவ ஆரம்பித்தது. அந்த மென்பொருள் நாம் அடித்த முகவரிக்கு முன்னால், அது ஏதோ இணையதளம் என்பதுபோல, தானாகவே எச்டிடிபி என்று ஒட்டிவிடும். நீ இரண்டு நாள் மல்லுக்கட்டி, முன்னால் மெயில்டூ என்று நாமே போட்டால்தான் அது கடிதம் என்று அதற்குப் புரியும் எனக் கண்டுபிடித்தாய். நான் குதித்தேன். நீ போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாய்.

அடுத்த தலைவலி, திருத்துவது. முகவரியைத் திருத்தலாம் என்று அமுக்கினால் கடித ஜன்னல் வந்து நிற்கும். நீ எனக்கு விளக்கினாய். இந்தக் கட்டத்துக்குள் உண்மையில் இரண்டு முகவரி இருக்கிறது. ஒன்று நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்து. மற்றது அதற்குப் பின்னால் மறைந்திருக்கும், கடிதம் போய்ச் சேரும் இடம். டேப் விசையால் கட்டத்துக்குள் போய் எஃப்2 அமுக்கினால் நடுவில் ஒரு ஹாஷ் குறியோடு இரண்டும் தெரியும். இரண்டையும் மாற்ற வேண்டும். மவுஸின் வலது பொத்தானை அமுக்கி மாற்றும் குறுக்கு வழி ஒன்றும் உண்டு. அது கண்ணுக்குத் தெரிவதை மட்டும் மாற்றும். "அது வேண்டாம் கேட்டியா? காணுகது ஒண்ணு, போற எடம் வேற ஒண்ணாயிரும்" என்றாய். அட்டையில் எழுதித் திரைக்குக் கீழே மேசைமேல் ஒட்டியும் வைத்தாய். நான் எத்தனையோ முறை அதன்மேல் டீ கிளாஸை வைத்திருக்கிறேன்.

ஸ்டெல்லாக்காவை உனக்கு நினைவிருக்கும். பொழியூர்க் கரை. புருஷன் வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை. படகு முதலாளியின் ஆபீஸ் முகவரிக்குத்தான் கடிதம் போகும். அங்கே ஒருவர் அச்செடுத்து அவர் கையில் கொடுப்பார். திங்கட்கிழமைதோறும் வருவாள். திங்கள் என் முறை என்பதால் அவள் என் ஆள். "பிள்ளியளுக்க அப்பாவுக்கு" என்று தொடங்கிவிட்டு அதற்கு மேல் சொல்ல வெட்கப்பட்டுச் சிரிப்பாள்.

அந்த வருஷ மழைக்குக் கடல் அவள் அடுக்களையைக் கொண்டுபோய்விட்டது. வீடிழந்த குடும்பங்களுக்குப் பங்குக் கோவிலில் இருந்து கடலை விட்டு உள்ளே, கொல்லயில் என்ற ஊர்ப்பக்கம் துண்டு துண்டாக நிலம் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். வேண்டும் என்கிறவர்கள் குறித்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். ஸ்டெல்லாக்கா தானாக முடிவெடுக்க மாட்டேன் என்றாள். "கடல விட்டு அம்புட்டு தூரம் போனா அவரு திரும்பி வந்து வள்ளத்த எங்க மக்கா வெப்பாரு? அவரு செரின்னு ஒரு வார்த்த பறயட்டும், நான் பேரு குடுக்கேன்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து அவர் வேறு துறைமுகத்துக்கு மாறினார். அவள் இல்லாத நேரத்தில் பக்கத்து வீட்டுக்கு ஃபோன் செய்து புது முகவரி சொன்னார். அவள் அதைப் பிள்ளையின் நோட்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தாள். உன் அக்கா குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று நீ அன்று ஒற்றசேகரமங்கலம் போயிருந்தாய். கடையில் நான் மட்டும். எனக்கு அன்று நெய்யாற்றின்கரையில் ஒரு வேலைக்கு நேர்காணல் இருந்தது. அதை உன்னிடம் நான் சொல்லியிருக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வலது பொத்தானை அமுக்கினேன், புது முகவரியை அடித்தேன். திரையில் சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு எழுத்தாக அவளுக்கு வாசித்துக்கூடக் காட்டினேன், தாளைப் பார்த்துத் தலையாட்டினாள். கடித ஜன்னலில் எப்போதும்போல முகவரிக்குப் பதிலாக, அதோடு சேர்த்துப் பதிந்து வைத்திருந்த அவர் பெயர்தான் வந்தது. அடித்து அனுப்பிவிட்டு ஓடினேன்.

அடுத்த திங்களும் அதற்கடுத்த திங்களும் எழுதினோம். முதல் கடிதத்தைப் போல அவையும் அந்தப் பழைய ஆபீசுக்கே போயின. அங்கே அவர் இல்லை. வாங்கியவர் என்ன செய்தாரோ, திருப்பி அனுப்பவில்லை. "மறுபடி வந்துதா மக்கா?" என்று பதிலைக் கேட்டுக்கொண்டே உள்ளே வருவாள். வரல்ல அக்கா என்பேன். ஞாயிற்றுக்கிழமை கடந்தது. அவள் பெயர் கொடுக்கவில்லை. அவளுக்கு என்று வைத்திருந்த துண்டு வேறு வீட்டுக்குப் போயிற்று. மறுநாள் அவர் ஃபோன் செய்திருக்கிறார். கேட்டவுடன் அவள் மழையோடு மழையாகக் கடைக்கு வந்துவிட்டாள்.

"மூணு வாரமா எனக்கு ஏன் எழுதல்லன்னு அவரு கேக்காரு. நான் இஞ்ச இருந்து பறஞ்சதெல்லாம் எங்க மக்கா போச்சு?"

நீ அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வந்தாய். டேப். எஃப்2. ஹாஷ் குறிக்கு முன்னால் புது முகவரி, பின்னால் பழையது. நான் உன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நீ திரும்பாமலே கேட்டாய்.

"எடி, இத மாத்தினது ஆரு? நான் அக்காளுக்க வீட்டுக்குப் போன அண்ணைக்கா?"

"எனக்கு ஓர்மை இல்ல" என்றேன், மறந்துபோனவள் போல.

கடையில் இருந்தது நாம் இரண்டே பேர். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் பிரிண்டரில் காகிதத்தைச் சரிசெய்தேன். நேர்காணல் வெளியே வந்துவிடும் என்ற பயம் ஒன்று, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டிவரும் என்ற பயம் ஒன்று. நீ குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாய். உன் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அக்கா, தப்பு எனக்கதாக்கும். அட்ரஸ நான் செரியா மாத்தல்ல."

அவள் கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "நீயா மக்கா?" என்று மட்டும் கேட்டாள். நீ அவளோடு பஸ் ஏறி அவள் வீடு வரை போய், மாமியார் முன்னால் அதையே சொல்லி, பங்குச் சாமியாரையும் பார்த்து ஏதாவது துண்டு மிச்சம் உண்டா என்று கேட்டிருக்கிறாய். இல்லை. சாயங்காலம் சேலை முட்டளவு நனைந்து வந்தாய். புது முகவரிக்கு நான் கடிதம் அனுப்பியிருந்தேன். "போச்சா?" என்றாய். "போச்சு" என்றேன். அவ்வளவுதான் நாம் அதைப் பற்றிப் பேசியது.

மறுநாள் அந்தக் கட்டத்தை வெறும் எழுத்தாக மாற்றினாய். நீலமும் இல்லை, கோடும் இல்லை. பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்தாய். அதை அமுக்கினால், கட்டத்தில் என்ன தெரிகிறதோ அதை எடுத்து, முன்னால் மெயில்டூ சேர்த்து ஜன்னலைத் திறக்கும். பின்னால் ஒளிந்திருக்க இன்னொரு முகவரி கிடையாது. அட்டையைப் பிய்த்துக் குப்பையில் போட்டாய். "இனி காணுகது எதுவோ, அங்கதான் போவும்" என்றாய். அதை என்னிடம்தான் சொன்னாய் என்று எனக்குப் பட்டது. இன்றும் படுகிறது.

எனக்கு அந்த வேலை கிடைத்தது. போகிற அன்று எனக்காக நீ ஏத்தங்காய் அப்பம் வாங்கி வைத்திருந்தாய். எங்கே, எப்போது நேர்காணல் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனை வருஷம் நாம் கூடவே இருந்தோம்! கல்யாணம், பேறுகாலம், உன் சுகக்கேடு. எத்தனை முறை சொல்லிவிட வந்தேன் தெரியுமா? கடைசியாக ஆஸ்பத்திரியில், "ஒரு காரியம் பறயணும்" என்று தொடங்கினேன். நீ, "அந்த ஃபேன கொஞ்சம் கூட்டி வை" என்றாய். எழுந்து போய்க் கூட்டி வைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து உன் மருமகளைப் பற்றிப் பேசினேன்.

உன்மேல் எனக்குக் கோபமும் உண்டு, மறைக்கமாட்டேன். அன்றே என்னைப் பிடித்து உலுக்கி, நீதானே என்று கேட்டிருக்கலாம். அழுதிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், அதோடு முடிந்திருக்கும். என் தப்பை நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நான் திருப்பிக் கேட்க வழியில்லாமல் அலைகிறேன்.

உன் அடக்கத்தன்று ஸ்டெல்லாக்கா வந்திருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. இன்னும் வாடகை வீடுதான். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பூமி போனதுல எனக்கு இப்பவும் வெசனம் உண்டு மக்கா. ஆனா இவளுக்கமேல இல்ல. தப்பு செய்துட்டு, எனக்க வீடு வரைக்கும் வந்து, நான்தான் செய்தேன்னு பறஞ்சது இந்த ஆயுசுல இவ ஒருத்தியாக்கும். நீயும் கூட இருந்தியே, உனக்குத் தெரியுமே."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாட்டு நின்றிருந்தது, ஜெபம் இன்னும் தொடங்கவில்லை. சொல்ல வேண்டுமானால் அதைவிட நல்ல இடைவெளி எனக்குக் கிடைத்திருக்காது.

"ஆமா அக்கா, அவ அப்படித்தான்" என்றேன்.

நீ கண்மூடிப் படுத்திருக்க, உன் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று, இரண்டாவது முறையும் என் தப்பை உன் தலையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.