அப்பா துவக்குக் கட்டப்போகிறார்

தோர்ண்டன் ஹீத்,
லண்டன்.
24.10.1993

அன்பு மகன் பாலேந்திராவுக்கு,

விம்பிள்டன் பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் ஏதோ சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகள் பாமாவும் அவள் வயிற்றில் இருக்கிற என் பேரப்பிள்ளையும் மெல்பேர்னில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று விளக்கு வைக்கிற நேரமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. என் முழங்கால் நோவு அப்படியேதான் இருக்கிறது, டாக்குத்தர் தருகிற குளிசையில் மருந்து இருக்கிறதோ வெறும் சுண்ணாம்போ என்று எனக்குச் சந்தேகம். பாமாவைப் பாரம் தூக்க விடாதே, அங்கே இப்போது வெயில் வரும் காலம் என்றாலும் ஐஸ் தண்ணீர் குடிக்க விடாதே, தை மாதம் நான் வந்துவிடுவேன், அதன் பிறகு நீ ஒன்றும் பார்க்கத் தேவையில்லை. இனி எழுத வந்த விசயத்துக்கு வருகிறேன், நீ ஒன்றும் அறியாதவன்போல வாசிக்காதே.

உன் அப்பா சுடுகிற துவக்கு வாங்கப் போகிறார் என்பது எனக்குத் தெரிவதற்கு முதலே உனக்குத் தெரியும். மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமையானால் சவரம் செய்து, நல்ல சேட்டுப் போட்டு, எங்கே என்று கேட்டால் சும்மா பீற்றரோடு என்று சொல்லிவிட்டுப் போனார். பீற்றர் அவருடைய வேர்ஹவுஸில் வேலை செய்கிற வெள்ளைக்காரன். சும்மா போகிறவர் எதற்குச் சவரம் செய்கிறார், நான் முதலில் நினைத்ததை மகனுக்கு எழுதக் கூடாது. பிறகு அடுத்த தெரு றோஸ்மலர் கடையில் வைத்து, அண்ணை நீளமான பை ஒன்றோடு பஸ்ஸுக்கு நின்றாரே, இயக்கத்துப் பெடியளுக்கு ஏதும் செய்துகொடுக்கிறாரோ என்று கேட்டாள். எடுத்த சாமானைக் கடையிலேயே வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அவருடைய கோட்டுப் பையைப் பார்த்தால் வட்டம் வட்டமாகக் கறுப்புக் கோடு போட்ட மட்டைகள், நடுவில் ஓட்டைகள். அன்றைக்குப் பிடித்து உலுக்கின பிறகுதான் ஆள் வாய் திறந்தார், அது துவக்குச் சுடுகிற கிளப்பாம், பொழுதுபோக்காம், மட்டைக்கு மட்டும்தான் சுடுகிறதாம், நீளப் பைக்குள் இருந்தது படுத்துச் சுடுகிற பாயாம். பள்ளிக்கூடத்தில் உங்களுக்கெல்லாம் மாணவர் படை கடெற்றுக்கு மாஸ்ரராக இருந்து தியத்தலாவை ஆமி முகாமுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சுடப் பழக்கிய மனுசனுக்கு அந்த ஆசை போகவில்லை. அது எனக்கு விளங்குகிறது. விளங்குகிறதற்காக நம்பிவிட முடியுமா?

கிளப் துவக்கு எல்லாருடைய கையும் பட்டது, சொந்தமாக ஒன்று வேண்டும் என்று தொடங்கினார். மலிவாக ஒன்றை வாங்குவதா, பாகம் பாகமாக எடுத்துத் தானே கட்டுவதா என்று அதோடு ஒரு தர்க்கம். கிளப்பை விட்டு விலகுகிற கிழவர் ஒருவர் தன்னுடையதைக் குறைந்த விலைக்குத் தருகிறாராம். குறைந்த விலைக்கு ஏன் தருகிறார், அதில் என்ன பழுதென்று கேட்டேன், நாங்கள் சாப்பாடு வைக்கப் பழைய பிறிட்ஜ் வாங்கி ஒரு கோடையில் அது செத்ததை ஞாபகப்படுத்தினேன். அதற்கு அவர், அந்தத் துவக்கு நெடுத்த வெள்ளைக்காரனின் தோளுக்கும் கைக்கும் அளவானது, குறி பார்க்கும்போது தனக்குக் கன்னம் பிடியில் எட்டாது, கட்டினால் தன்னுடைய அளவுக்குச் செய்யலாம் என்றார். மற்றப் பக்கத்தில் பீற்றர், புதிதாகப் பழகுகிறவனுக்கு அந்தக் கிழவருடையதே காணும், கட்டத் தொடங்கினால் முடிகிற காலம் தெரியாது என்று சொன்னானாம். அவ்வளவோடு முடிந்திருக்கும். நீதான் ரெலிபோனில் கட்டுங்கோ அப்பா, அதுதான் நல்லது என்று தூக்கிக் கொடுத்தாய். நான் குசினிக்குள் நின்று கேட்டேன். கன்னம் எந்த இடத்தில் படிய வேண்டும், மரம் எவ்வளவு நீளம் என்றெல்லாம் கொம்பியூட்டர் வேலை செய்கிற உனக்கு எப்படித் தெரியும் என்ற சந்தேகமும் அன்றைக்கே தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இங்கே பொலிஸ் அனுமதி தராமல் இரும்புப் பாகங்களைத் தொடவும் கூடாதாம், மரத்துக்கு மட்டும் அனுமதி தேவையில்லையாம். ஆகவே அப்பா வால்நட் மரக்கட்டை ஒன்றை வாங்கி, தோளில் வைக்கிற பிடியைப் பின்வளவுக் கொட்டிலில் இருந்து செதுக்கினார். உனக்குத் தொட்டில் செய்தபோதும் அவர் இப்படிக் குனிந்திருந்து வேலை செய்ததில்லை. அரைவாசி முடிந்திருக்கும்போது, துவக்குக்கு அப்பா அனுமதி கேட்டது சம்பந்தமாக வீட்டைப் பார்க்கவும் ஆட்களோடு பேசவும் அடுத்த வியாழக்கிழமை பொலிஸ்காரர் வருவார் என்று அறிவித்தல் வந்தது. அப்பா சந்தோசமாக வாசித்துக் காட்டிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். எனக்குப் பொலிஸ், வீட்டைப் பார்க்க என்ற சொற்களுக்குப் பிறகு காதில் ஒன்றும் விழவில்லை. நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். கை தானாகவே செய்தது. அந்த மரப்பிடியையும், மட்டைகளையும், பீற்றர் கொடுத்த புத்தகங்களையும், சுவரில் தொங்கின, கடெற் உடுப்போடு நீ நிற்கிற படத்தையும் அரிசிச் சாக்கில் சுற்றிப் பின்வளவில் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டு, மேலே உதிர்ந்த இலைகளைப் பரப்பி, கையைக் கழுவிவிட்டுச் சோறு வடித்தேன். அந்தக் கிழமை முழுக்க மழை. அப்பாவுக்கு இரட்டை ஷிப்ட், கொட்டில் பக்கம் போகவில்லை. சுவரில் படம் இல்லாததைக் கேட்டபோது கண்ணாடி துடைக்கக் கழற்றினேன் என்றேன்.

வியாழக்கிழமை வந்தவர் மீசை நரைத்த, மரியாதையான மனுசன். தேத்தண்ணி குடித்தார், துவக்கு வைக்கிற இரும்புப் பெட்டிக்குச் சுவர் பலமா என்று தட்டிப் பார்த்தார். அப்பாவுக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை, தானே செதுக்குகிற பிடியைக் காட்டுகிறேன் என்று கொட்டிலுக்கு ஓடினார். வெறுங்கையோடு திரும்பி வந்து அலுமாரிக்குப் பின்னால் பார்த்தார், கட்டிலுக்குக் கீழே பார்த்தார், புத்தகங்களும் இல்லை. பொலிஸ்காரர் பேனையை மூடிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் ஊரிலும் பார்த்திருக்கிறேன். அப்பா உன் படம் கொழுவியிருந்த வெறும் ஆணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை, ஏசவில்லை. மெதுவாக ஒன்று மட்டும் கேட்டார்:

"இஞ்சாரும், எந்த மரத்துக்குக் கீழ?"

அப்பிள் மரம் என்றேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். பொலிஸ்காரர் பின்கதவில் நின்று, மழைக்குள் அவர் கிண்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சேறு வடிகிற சாக்கை மேசையில் வைத்துவிட்டு அப்பா எல்லாவற்றையும் அவருக்கு இங்கிலீசில் சொன்னார். ஊரில் ஆமி சுற்றிவளைக்கிறது என்று கேள்விப்பட்ட அன்றைக்கு உன் கடெற் உடுப்பையும் சப்பாத்தையும் நீ சுட்டு வென்ற கிண்ணத்தையும் நான் தேசி மரத்துக்குக் கீழே தாட்டதையும், பின்வீட்டுச் சவிரிமுத்துவின் மகனை, உன்னோடு ஒரே அணியில் நின்ற பிள்ளையை, கொடியில் காய்ந்த அதே உடுப்பு இயக்கத்து உடுப்பென்று ஆமி கொண்டுபோனதையும், அவன் திரும்பி வராததையும் சொன்னார். இவ்வளவு காலமும் அவர் இதை யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை. தன் மாணவன் என்று சொல்லிவிட்டுச் சாக்கைப் பிரிக்கத் தொடங்கினார். நான் செய்தது பைத்தியக்கார வேலை என்று றோஸ்மலர் இப்போது கடை முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறாள், சிரிக்கட்டும். நீ இருக்கிறாய், அது எனக்குக் காணும்.

பொலிஸ்காரர் பேனையைத் திரும்பவும் திறந்து, வீட்டில் துவக்கு இருப்பது உங்களுக்குச் சம்மதமா என்று என்னிடம் நேரே கேட்டார். நான் இல்லை என்றால் அப்பாவின் ஆசை அதோடு சரி, அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சேற்றுக் கையை அப்பா உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்ததும் அந்தச் சொல் வரவில்லை. சுடட்டும், ஆனால் அது இந்த வீட்டில் ஒரு பொழுதும் இருக்கக் கூடாது என்றேன். அப்படியென்றால் கிளப்பிலேயே பூட்டி வைக்கலாம், அதற்கு வழி இருக்கிறது என்றார் பொலிஸ்காரர். அப்பா உடனே தலையாட்டினார், அவ்வளவு கெதியாகத் தலையாட்டியதுதான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

மரப்பிடி ஈரத்தில் ஊறி, காயும்போது நடுவால் வெடித்துவிட்டது. பீற்றர் பார்த்துவிட்டு இனி உதவாது என்றான். ஆகவே கட்டுகிற கதை முடிந்தது, அனுமதி வந்ததும் அந்தக் கிழவரின் மலிவுத் துவக்கைத்தான் வாங்குகிறார், கன்னம் எட்டாததற்கு ஏதோ றப்பர் வைக்கலாமாம். அதை முதலில் வேறொருவரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். உன் படத்தில் ஒரு மூலை கறுத்துவிட்டது, முகத்துக்கு ஒன்றுமில்லை, திரும்பவும் சுவரில் கொழுவியாயிற்று.

மகனே, எண்ணெய் வைத்து முழுகு, கண் முழித்து வேலை செய்யாதே, பாமாவோடு கோபமாகப் பேசாதே. எல்லாத் தெய்வமும் உங்கள் மூவரோடும் கூட நிற்கட்டும். கடைசியாக ஒன்று, மறக்காமல் பதில் எழுது. அப்பாவுக்கு அளவு சொல்லிக் கொடுத்த நீ அங்கே ஒன்று வாங்கி வைத்திருக்கிறாய் என்று எனக்குப் படுகிறது. வாங்கினாயா, கட்டினாயா என்று நான் கேட்கவில்லை. உன் வீட்டுக்குப் பின்னால் என்ன மரம் நிற்கிறது என்று மட்டும் எழுது, தை மாதம் வரும்போது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
தவநாயகி