வதனிக்குக் கார்ட் வந்திட்டுதோ?

என் அன்புக்கும் சண்டைக்கும் உரிய தங்கராசா அண்ணை,

நான் எல்லாவற்றையும் முன்னமே சொன்னேன். அமெரிக்காக்காரரின் சுகாதாரச் சட்டம் இப்படித்தான் போய் முடியும் என்று இங்கே எங்கள் ஸ்பிரிங்வேல் தேத்தண்ணிக் கடையில் மேசையில் அடித்துச் சொன்னேன். கடைக்காரர் சாட்சி, நான் தட்டிவிட்ட தேத்தண்ணியும் சாட்சி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் சொல்வதை வாஷிங்டனில் யார் கேட்கிறார்கள்? கேட்டிருந்தால் அந்த நாடு இந்தப் பாடு பட்டிருக்குமா?

நீங்கள் இறந்த முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடிக்கிறார்கள். முன்னுக்குத் தேவாரம், பிறகு உங்கள் படம், கடைசியில் நன்றி. நடுவில் எனக்கு இரண்டு பக்கம். கிரான்பர்னில் இருக்கும் உங்கள் மகன் சுகந்தன் தொலைபேசியில், "அங்கிள், ப்ளீஸ், நோ பாலிடிக்ஸ்" என்றான். அரசியலை விட்டால் உங்களைப் பற்றி எழுத என்ன மிஞ்சும்? உங்கள் அரசியல் முழுவதும் ஒரே ஆள்தானே, உங்கள் மூத்த மகள் வதனி.

தெரியாதவர்களும் வாசிப்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். வதனி டெக்ஸாஸில் ஒரு மோட்டலில் படுக்கை விரிப்புகள் தோய்க்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு நீரிழிவு. மோட்டல் காப்புறுதி தருவதில்லை. காப்புறுதி இல்லாவிட்டால் மருந்துக்கடைக்காரர் சொல்வதுதான் இன்சுலின் விலை. அதனால் ஒரு நாளைக்கு உரியதை இரண்டு நாளைக்குப் பிரித்து ஏற்றுகிறாள். உங்களுக்கும் அதே வருத்தம், அதே மருந்து. நீங்களோ இங்கே ஸ்பிரிங்வேலில் அரசாங்கம் தந்த அட்டையை நீட்டி மருந்தை எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கடையில் மீனுக்கு விலை பேசிக்கொண்டு நிற்பீர்கள்.

எல்லாருக்கும் காப்புறுதி என்ற அந்த அமெரிக்கச் சட்டம் நிறைவேறிய அன்று கடையில் எல்லாருக்கும் தின்ன ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தீர்களே, நினைவிருக்கிறதா?

"இனி வதனிக்கும் கார்ட் வந்திடும்."

"எங்கயால அண்ணை வரும்?"

"தபால்லதான். எங்களுக்கு வந்த மாதிரி. சட்டம் போட்டா கார்ட் வரும்தானே?"

"அண்ணை, அது அமெரிக்கா. அங்க ஏழைக்கு ஒண்டைக் குடுக்கிறதெண்டா ஆயிரம் பேர் தடுக்க வருவினம்."

"உனக்கென்னடா தெரியும் நடேசு? நீ அமெரிக்காவைப் படத்தில பாத்தவன்."

"நீங்கள் மட்டும் நேரில பாத்தனீங்களோ?"

"நான் அந்த நாட்டுக்குப் பிள்ளையைக் குடுத்தவனடா."



இந்த நாட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே இலவச வைத்தியத்துக்கான பச்சை மெடிகெயர் அட்டை கடித உறைக்குள் வந்து விழுந்ததைக் கண்டவர் நீங்கள். எல்லா நாட்டு அரசாங்கமும் அப்படித்தான் என்று நம்பிவிட்டீர்கள். ஞாயிறு காலையில் வதனி தொலைபேசியில் எடுத்தால் சுகம்கூடக் கேட்கமாட்டீர்கள். முதல் கேள்வியே, "கார்ட் வந்திட்டுதோ?" அந்தப் பிள்ளையும் மூன்று வருடமாக, "இன்னும் இல்லை அப்பா, வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு அங்கத்தைய உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டத்தில் ஏழைகளுக்கு இலவசக் காப்புறுதி தரும் பகுதியை விரும்பிய மாநிலம் எடுக்கலாம், விரும்பாதது விடலாம் என்றது. டெக்ஸாஸ் வேண்டாம் என்றது. மத்தியில் இருப்பவன் காசு தருகிறேன் என்கிறான், இவர்கள் வேண்டாம் என்கிறார்கள்! அன்றைக்கே நான் அந்த மாநில அரசுக்கு ஆங்கிலத்தில் நாலு பக்கக் கடிதம் போட்டேன். மறுமொழி இல்லை. வாசித்து வெட்கப்பட்டிருப்பார்கள்.

கொடுமையைக் கேளுங்கோ. இன்னும் கொஞ்சம் கூட உழைப்பவர்களுக்குக் காப்புறுதி வாங்க அரசாங்கம் உதவி செய்கிறது. வதனியின் சம்பளம் அந்த உதவிக்கும் காணாதாம். உதவி கிடைக்க முடியாத அளவுக்கு அவள் ஏழை. இதை எந்தப் படித்தவனாவது எனக்கு விளங்கப்படுத்துவானா?

அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்கள் அதை நிறுத்துவதற்காகத் தங்கள் அரசாங்கக் கந்தோர்கள், அலுவலகங்களையே பூட்டவைத்த கிழமையில்தான் நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தீர்கள். தொலைக்காட்சியில் பூட்டிய வாசல்களைக் காட்டினார்கள். உங்கள் கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. காப்புறுதி இருக்கிறதா என்று உங்களை ஒருவரும் கேட்கவில்லை. தாதி வந்து தேத்தண்ணிக்குச் சீனி போடலாமா என்றுதான் கேட்டாள். ஒரே குடும்பம், ஒரே வருத்தம். எந்த நாட்டில் போய் இறங்கினோம் என்பதிலா அண்ணை உயிர் இருக்கிறது?

மூக்குக் குழாயை விலக்கிவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"நடேசு, வதனிக்கு?"

"வந்திட்டுது அண்ணை. விடிய எனக்கு எடுத்துச் சொன்னவள்."

"என்ன நிறம்?"

"நீலம். கழுகுப் படமும் போட்டிருக்காம்."

"புளுகாதை. நம்பரைச் சொல்லு பாப்பம்."

சட்டைப்பையிலிருந்து ஒரு கடதாசித் துண்டை எடுத்து வாசித்தேன். ஒவ்வோர் இலக்கத்தையும் எனக்குப் பின்னால் திருப்பிச் சொன்னீர்கள். "நல்ல நம்பர்," என்றீர்கள். அடுத்த நாள் மத்தியானம் போய்விட்டீர்கள்.

வதனியால் வர முடியவில்லை. லீவு கேட்டால் திரும்பி வரவேண்டாம் என்று மோட்டலில் சொல்லிவிட்டார்களாம். போன கிழமை எனக்கு எடுத்தாள்.

"அங்கிள், அப்பா கடைசியா என்ன சொன்னவர்?"

"உன்ர கார்டைப் பற்றித்தான் பிள்ளை. நல்ல சந்தோஷமாப் போனவர்."

"எந்தக் கார்ட்?"

நான் பேச்சை மாற்றி அவளின் இன்சுலினைப் பற்றிக் கேட்டேன். "நான் இன்னும் பாதிதான் ஏத்திறன் அங்கிள்," என்றாள். கோபத்தில் சொல்லவில்லை, களைப்பில் சொன்னாள்.  யாருக்கு இன்னொரு கடிதம் போட? அந்த நாட்டில் எங்களுக்கு ஒரு வாக்குக்கூட இல்லையே. த பேசின் என்ற ஊரில் இருக்கும் பிள்ளையாரிடம் காரோடிப் போய் ஒரு தேங்காய் உடைத்தேன். அவருக்கும் டெக்ஸாஸ் தூரம் போல.

இந்தப் புத்தகத்தில் ஒன்று அவளுக்கும் போகும். ஆகவே இரண்டு பேருக்குமாக ஒரு வாக்குத் தருகிறேன். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவளுக்கு எடுப்பேன். அவள் என்ன சொன்னாலும், ஒரு சொல்லும் கூட்டாமல் உங்கள் படத்துக்கு முன்னால் வந்து சொல்லுவேன்.

கார்ட் வரவில்லை அண்ணை. நீலமும் கழுகும் என் வாயில் வந்தவை. நான் வாசித்த நம்பர் ஆஸ்பத்திரிக் கார்ப் பார்க் சீட்டில் இருந்தது.

உங்கள் கூடப் பிறக்காத தம்பி,
நடேசு